கதிரியக்கப் பொருள்கள்: பெயரோடு நிலையையும் எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில், பொது அறிவுப் பகுதியில், 'அறை வெப்பநிலையில் கதிரியக்கத் தனிமங்களின் இயற்பியல் நிலை' என்ற தலைப்பில் ஓர் அட்டவணை அண்மையில் வெளியாகியிருந்தது. ரேடான் வாயு, ஃபிரான்சியம் திரவம், ஏனைய அனைத்தும் திண்மம் என்று அதில் குறிக்கப்பட்டிருந்தது. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் இதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்வார்கள் என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை, கதிரியக்கம் பற்றிய செய்திகளில் நம் நாளிதழ்கள் பொதுவாக விட்டுவிடும் ஒன்றை இந்த அட்டவணையும் மறைத்துவிடுகிறது என்பது. ஒரு கதிரியக்கப் பொருள் எங்கே போகும், யாரை எட்டும், அதை எப்படித் தடுத்து நிறுத்தலாம் என்பவற்றைத் தீர்மானிப்பதில் அதன் பெயருக்கு இருக்கும் பங்கைவிட, அது உலோகத் துண்டாக இருக்கிறதா, தூளாக இருக்கிறதா, நீரில் கரைந்திருக்கிறதா, காற்றில் கலந்திருக்கிறதா என்பதற்கு இருக்கும் பங்கு அதிகம். நாம் பெயரை எழுதுகிறோம்; நிலையை எழுதுவதில்லை. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்; இடமின்மை கருதித் தாங்கள் சுருக்கினாலும் வருத்தமில்லை.

முதலில் அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். யுரேனியம் 1132 டிகிரி செல்சியசிலும், தோரியம் சுமார் 1750 டிகிரியிலும், புளூட்டோனியம் 640 டிகிரியிலும், டெக்னீசியம் 2150 டிகிரிக்கு மேலும்தான் உருகும். எனவே இவை திண்மங்கள் என்பதில் ஐயமில்லை. ரேடியத்தை மேரி கியூரியும் அவருடைய கணவர் பியரும் 1898இல் கண்டறிந்தபோதிலும், அதை உலோகமாகப் பிரித்தெடுக்க 1910 வரை ஆயிற்று. அந்த வேலையை மேரி கியூரியும் ஆந்த்ரே டெபியேர்னும் சேர்ந்து செய்தார்கள். இவையெல்லாம் மனிதர்கள் கண்ணால் கண்டு, நிறுத்து, உருக்கிப் பார்த்தவை. சிக்கல் வருவது மீதியுள்ளவற்றில்தான்.

ஃபிரான்சியம் திரவம் என்று எழுதியிருப்பதற்கு அடிப்படை, அதன் உருகுநிலை ஏறத்தாழ 27 டிகிரியாக இருக்கலாம் என்ற கணிப்பு. இதைவிடக் குறைவாகக் கணித்தவர்களும் உண்டு. தனிம வரிசை அட்டவணையில் அதே தொகுதியில் அதற்கு மேலே உள்ள சீசியம் 28.5 டிகிரியில் உருகுவதால், கீழே உள்ளதும் அதையொட்டி உருகும் என்ற ஊகத்தின் நீட்சி இது. 1939இல் மார்கரீத் பெரே கண்டறிந்த இந்தத் தனிமத்தின் மிக நீண்ட ஆயுள் கொண்ட ஐசோடோப்பின் (அதாவது, அதே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகையின்) அரை ஆயுட்காலமே, அதாவது இருப்பதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலமே, 22 நிமிடங்கள்தான். ஆய்வகத்தில் லேசர் ஒளியாலும் காந்தப் புலத்தாலும் ஒன்றுசேர்த்து நிறுத்தப்பட்ட மிகப் பெரிய தொகுப்பில்கூட சில லட்சம் அணுக்களே இருந்தன. அவை ஓடும் திரவமாகவோ உறைந்த உலோகமாகவோ இருந்தன என்று சொல்ல வழியே இல்லை. ஆக, 'திரவம்' என்று அச்சிட்டது ஒரு கணக்கின் விடை. யாரும் பார்த்த செய்தி அன்று.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 'அறை வெப்பநிலை' என்றால் சில நூல்களில் 20 டிகிரி, சிலவற்றில் 25 டிகிரி. சித்திரை வெயிலில் நாகர்கோவில் வீட்டின் அறை இந்த இரண்டையும் பொருட்படுத்துவதில்லை. மேலே சொன்ன சீசியத்தை மூடிய கண்ணாடிக் குழாயில் அடைத்து எங்கள் ஊரில் வைத்தால் மே மாதப் பிற்பகலில் திரவமாகவும், ஊட்டியில் வைத்தால் திண்மமாகவும் இருக்கும். உருகுநிலை முப்பது டிகிரியை ஒட்டியிருக்கும் பொருளுக்கு 'திண்மம்', 'திரவம்' என்று ஒற்றைச் சொல்லில் மதிப்பெண் போடுவதைவிட, உருகுநிலையை எண்ணாகவே தந்துவிடுவது மாணவருக்கு நல்லது.

அஸ்டாட்டினின் கதையும் இதுவே. கார்சன், மெக்கன்சி, செக்ரே ஆகிய மூவர் 1940இல் அமெரிக்காவின் பெர்க்லியில் அதை உருவாக்கினார்கள். அதன் மிக நீண்ட அரை ஆயுட்காலம் சுமார் எட்டு மணி நேரம். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சேர்த்தால், தன் கதிரியக்கம் வெளிவிடும் வெப்பத்திலேயே அது ஆவியாகிவிடும். அயோடினுக்குக் கீழே இருப்பதால் கருநிறத் திண்மம் என்று பழைய நூல்கள் எழுதின. 2013இல் வெளிவந்த கணக்கீடு அது உலோகமாகவே இருக்கும் என்கிறது. எந்த மனிதரும் காணாத பொருளின் நிறத்தையும் நிலையையும் தேர்வில் கேட்பதை என்னென்பது?

அட்டவணையின் கடைசி வரிசைகளில் கோப்பர்நீசியம், ஃபிளரோவியம், ஓகனெசான் போன்றவையும் 'திண்மம்' என்ற கட்டத்தில் அடைபட்டிருந்தன. இவற்றில் முதல் இரண்டும் எளிதில் ஆவியாகக்கூடியவை என்பதற்கு, தங்கப் பரப்பின் மீது ஒருசில அணுக்கள் எவ்வளவு உறுதியாக ஒட்டுகின்றன என்று பார்த்த சோதனைகள் சான்றளிக்கின்றன. கோப்பர்நீசியம் பாதரசத்தைப் போல் திரவமாக இருக்கலாம் என்பது இன்றைய கணிப்பு. ரஷ்யாவின் துப்னாவில் உருவாக்கப்பட்டு 2016இல் யூரி ஒகனெசியனின் பெயரைப் பெற்ற 118ஆம் தனிமம், மந்த வாயுக்களின் தொகுதியில் ரேடானுக்கு நேர் கீழே அமர்ந்திருந்தும், திண்மமாகவே இருக்கும் என்று கணக்குகள் சொல்கின்றன. அது இதுவரை உருவானதே விரல்விட்டு எண்ணக்கூடிய அணுக்கள். அதன் அரை ஆயுட்காலம் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகூட இல்லை. திண்மம், திரவம், வாயு என்பவை பெருந்திரளான அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் விதத்தைக் குறிக்கும் சொற்கள். தேரடியில் தனியாக நிற்கும் ஒருவரைக் காட்டி, கூட்டம் நெரிசலாக இருக்கிறதா, கலைந்திருக்கிறதா என்று கேட்பதைப் போன்றதுதான் ஒற்றை அணுவின் இயற்பியல் நிலையைக் கேட்பதும்.

இவற்றுக்கு நடுவே பொலோனியம் என்ற வேறுவகை உறுப்பினரும் உண்டு. அது 254 டிகிரியில் உருகும் உலோகம். எனவே அட்டவணைப்படி திண்மம். ஆனால், பொலோனியம்-210 ஒரு கிராமுக்குச் சுமார் 140 வாட் வெப்பத்தைத் தானே வெளியிட்டுக்கொண்டிருக்கும். சிறு துண்டுகூட, குளிர்விக்காமல் விட்டால், அறையின் வெப்பநிலையில் இருக்கவே இருக்காது. அறை 25 டிகிரியில் இருக்கலாம். அறைக்குள் இருக்கும் பொருள் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை.

இனி ரேடானுக்கு வருகிறேன். அட்டவணையில் மிகச் சரியாக இருந்த பதில் இதுதான். விளக்கம் மிகுதியாகத் தேவைப்படும் பதிலும் இதுதான். 1899-1900ஆம் ஆண்டுகளில் தோரியத்திலிருந்தும் ரேடியத்திலிருந்தும் ஏதோ ஒன்று 'வெளிப்படுகிறது' என்று ரூதர்ஃபோர்டும் ஓவன்சும், அவர்களை அடுத்து ஜெர்மனியின் டோர்னும் கண்டார்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரூதர்ஃபோர்டும் சாடியும் திரவக் காற்றால் குளிர்வித்து அதை உறைய வைத்துக் காட்டிய பிறகே, வெளிப்படுவது ஒரு வாயு என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது. 1910இல் ராம்சேயும் வைட்லா-கிரேயும் அதன் அடர்த்தியை அளந்தபோது அவர்கள் கையில் இருந்தது ஒரு கன மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுகூட இல்லாத வாயு. அதை நிறுத்துப் பார்க்கத் தனியாக ஒரு நுண் தராசையே உருவாக்க வேண்டியிருந்தது. ரேடானைப் பற்றி 'வாயு' என்று ஒரு சொல்லில் எழுதிவிடுகிறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இத்தனை உழைப்பு உண்டு என்பது மாணவருக்குத் தெரிந்தால் பாடம் எவ்வளவு சுவையாக இருக்கும்!

ரேடானின் கொதிநிலை மைனஸ் 62 டிகிரி. காற்றைவிடச் சுமார் எட்டு மடங்கு கனமானது. நிறமோ மணமோ இல்லாதது. எதனோடும் எளிதில் வினைபுரியாதது. பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் சிதைந்து சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து ரேடான்-222 பிறக்கிறது. அதுவரை அந்தத் தொடரில் வந்த அனைத்தும் திண்மங்கள். பிறந்த மணல்துகளை விட்டு நகர முடியாதவை. வாயு என்ற ஒரே காரணத்தால் ரேடான் மட்டும் மண்ணின் இடுக்குகள் வழியாக மேலேறி, வீட்டின் தரைவிரிசல்களில் புகுந்து அறைக்குள் வந்துவிடுகிறது. அதன் அரை ஆயுட்காலம் 3.8 நாள், பயணத்துக்குப் போதுமான அவகாசம்.

விந்தை என்னவென்றால், உள்ளே வந்த ரேடான் வாயுவால் நேரும் தீங்கு குறைவு. மந்த வாயு ஆகையால், மூச்சில் உள்ளே சென்ற ரேடானில் பெரும்பகுதி மூச்சிலேயே திரும்பிவிடும். தீங்கு செய்வது அதன் சேய்த் தனிமங்கள். ரேடான் சிதைந்தால் பொலோனியம்-218, அதிலிருந்து ஈயம்-214, பிஸ்மத்-214, மீண்டும் பொலோனியம்-214 என்று சில நிமிடங்கள் முதல் அரை மணி நேரத்துக்குள் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. இவை அனைத்தும் உலோகங்கள், திண்மங்கள். காற்றில் மிதக்கும் தூசியிலும் புகையிலும் ஒட்டிக்கொண்டு நுரையீரலுக்குள் போய், மூச்சுக்குழாயின் சுவரில் படிந்து, அங்கேயே ஆல்பா துகள்களை வெளிவிடுகின்றன. புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக உலகச் சுகாதார நிறுவனம் ரேடானைச் சொல்வதும், வீடுகளில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 100 பெக்கரல் (விநாடிக்கு 100 அணுச் சிதைவுகள்) என்பதை வழிகாட்டு அளவாக வைத்திருப்பதும் இதனால்தான். வாயுவாக நுழைந்து திண்மமாகத் தங்கிவிடும் இந்த நிலைமாற்றத்தைச் சொல்லாமல் 'ரேடான் வாயு' என்று மட்டும் எழுதினால், அதன் இயல்பில் பாதியைத்தான் சொன்னதாகும். குளிருக்காக எந்நேரமும் சன்னல்களை அடைத்து வைக்கும் நாடுகளில் இந்தக் கவலை மிகுதி. காற்றோட்டமான நம் வீடுகளில் அது குறைவு. எனினும் குளிர்சாதனத்துக்காக நாமும் சன்னல்களை அடைக்கத் தொடங்கிவிட்டோம் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

இதே ரேடானுக்குத் தோரான் என்று அழைக்கப்படும் ஓர் உடன்பிறப்பும் உண்டு. தோரியத் தொடரில் பிறக்கும் ரேடான்-220. எங்கள் மாவட்டத்துக்கு இது நெருங்கிய செய்தி. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கொண்ட கனிமமான மோனசைட் இருப்பதை 1909இல் ஜெர்மானியரான ஷோம்பெர்க் கண்டறிந்தார். அன்று தோரியத்தின் தேவை வாயு விளக்குகளில் சுடரின் மேல் ஒளிரும் வலைக்கூடான மேண்டிலுக்காக. கோயில் திருவிழாக்களிலும் கல்யாண ஊர்வலங்களிலும் நாம் கண்ட பெட்ரோமாக்ஸ் விளக்கில், திரி எரிந்தபின் எஞ்சி நின்று வெண்ணொளி வீசிய அந்தச் சாம்பல் கூடு பெரும்பாலும் தோரியம் ஆக்சைடுதான். 3000 டிகிரியைத் தாண்டினாலும் உருகாத திண்மம். நொறுங்கிய மேண்டிலை வாயால் ஊதித் தள்ளக் கூடாது என்பதற்குக் காரணமும் அதுவே: கூடாக இருந்தவரை விளக்கோடு இருந்தது, தூளானால் மூச்சோடு போகும்.

மோனசைட்டில் தோரியம் பாஸ்ஃபேட்டாகப் பிணைந்திருக்கிறது. நீரில் கரையாது, கனமான மணியாகையால் காற்றிலும் எளிதில் பறக்காது. தோரானின் அரை ஆயுட்காலம் 55 விநாடிகளே என்பதால், மணலை விட்டுக் கிளம்பியதில் பெரும்பகுதி வெகுதூரம் போகும் முன்பே சிதைந்துவிடும். எனவே இக்கடற்கரையில் வாழ்பவர்கள் பெறும் கதிர்வீச்சில் முதன்மையானது, மணலிலிருந்து வெளியே வரும் காமா கதிர்கள்தான். இதே வகை மணல் பரவிய கேரளத்தின் கருநாகப்பள்ளிப் பகுதியில் பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்து நடத்தப்பட்ட ஆய்வு 2009இல் வெளியானபோது, அந்தக் காமா கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியிருப்பதாகக் காணவில்லை என்று அறிவித்தது. இந்த முடிவை மணல் அள்ளுவதற்கு ஆதரவான சான்றிதழாகச் சிலர் பயன்படுத்துவது சரியன்று என்பது என் கருத்து. அந்த ஆய்வு பேசுவது கரையில் அதன் இயல்பில் கிடக்கும் மணலைப் பற்றி. அரைத்து, காரத்தில் கொதிக்கவைத்து, கரைத்துப் பிரிக்கும் ஆலையின் கழிவைப் பற்றி அன்று. பொருள் அதேதான், நிலை வேறு. ஆகவே கேட்க வேண்டிய கேள்விகளும் வேறு. இந்தப் பிரச்சினையில் இரு தரப்பும் எழுதும் கட்டுரைகள் பலவற்றில் இந்த வேறுபாடு காணப்படுவதேயில்லை.

நிலை என்பது விபத்துகளில் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதற்குச் சீசியம்-137 ஒன்றே போதிய சான்று. தனிமமாகச் சீசியம் மென்மையான உலோகம் என்று அட்டவணை சொல்லும். ஆனால் 1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவிக்குள் இருந்தது சீசியம் குளோரைடு என்ற உப்பு. எடை 93 கிராம். பழைய இரும்புக் கடைக்கு வந்த அந்தக் கருவியின் உறை உடைக்கப்பட்டது. இருட்டில் நீல ஒளி வீசிய அந்தத் தூளை உறவினர்களும் நண்பர்களும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சென்றார்கள். சிலர் உடம்பில் பூசியும் கொண்டார்கள். கையில் தூள் ஒட்டியிருந்தபடியே உணவு உண்ட ஆறு வயதுச் சிறுமி உள்பட நால்வர் உயிரிழந்தார்கள். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை விளையாட்டு அரங்கில் வரிசையில் நிறுத்திச் சோதித்ததில் 249 பேர் உடம்பிலோ உடம்புக்குள்ளோ சீசியம் கண்டறியப்பட்டது. நீரில் எளிதில் கரையும் உப்பு ஆகையால் வியர்வையிலும் மழையிலும் கரைந்து, தரை, சுவர், மரம், துணி என்று எல்லாவற்றிலும் ஊறிவிட்டது. வீடுகளை இடித்து மேல்மண்ணை அள்ளி அகற்ற நேர்ந்தது.

2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் காணாமற்போனதும் இதே சீசியம்-137தான். சுரங்கத்திலிருந்து பெர்த் நகருக்கு ஏறத்தாழ 1400 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் வந்த லாரியிலிருந்து, எட்டு மில்லிமீட்டர் நீளமும் ஆறு மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட ஒரு குப்பி உதிர்ந்துவிட்டது. அதற்குள் சீசியம் பீங்கான் வடிவில் அடைக்கப்பட்டிருந்தது. கதிர்வீச்சை உணரும் கருவிகளோடு சாலை நெடுகத் தேடிச் சென்றவர்கள், பிப்ரவரி முதல் தேதியன்று சாலையோரத்தில் அதைக் கண்டெடுத்தார்கள். எவருக்கும் பாதிப்பு இல்லை. கோயானியாவில் இருந்த அளவோடு ஒப்பிட்டால் இதன் கதிரியக்கம் மிகமிகக் குறைவு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனினும், அத்தனை நீளச் சாலையில் அது விழுந்த இடத்திலேயே கிடந்ததற்கு, கரையாத திண்மமாகவும் உறைக்குள் மூடப்பட்டும் இருந்ததே காரணம். நம் நாளிதழ்கள் அப்போது வெளியிட்ட செய்திகளில் 'ஆபத்தான சீசியம்' என்ற தலைப்பைத்தான் பெரும்பாலும் கண்டேன்.

நம் நாட்டிலும் ஒரு நிகழ்வு உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் நெடுங்காலம் பயன்படாமல் கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஏலத்தில் விற்கப்பட்டு, 2010 ஏப்ரலில் மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளில் உடைக்கப்பட்டது. உள்ளே இருந்தது கோபால்ட்-60. ஒருவர் உயிரிழந்தார், வேறு சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். அந்தத் துயரத்தைக் குறைத்துச் சொல்ல நான் முற்படவில்லை. ஆனால் கோபால்ட் இங்கே உலோகத் துண்டுகளாக இருந்தபடியால், கருவிகளைக் கொண்டு ஒவ்வொரு துண்டாகத் தேடி எடுத்து, தடித்த கலன்களில் அடைத்து அப்புறப்படுத்த முடிந்தது. கோயானியாவைப் போல் ஒரு நகரப் பகுதியையே கழுவ வேண்டிய நிலை வரவில்லை.

சோவியத் ஒன்றியத்தில் இருந்த செர்னோபில் அணுமின் நிலையத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். 1986 ஏப்ரல் 26 அன்று அங்கே வெடித்த உலைக்குள் இருந்தவற்றில், செனான் போன்ற மந்த வாயுக்கள் முழுவதும் வெளியேறிவிட்டன. எளிதில் ஆவியாகும் அயோடினில் பாதிக்கு மேலும், சீசியத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கும் வெளியேறின. திண்மமான எரிபொருளில் வெளியே சிதறியது நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். அதிலும் பெரும்பகுதி உலையைச் சுற்றியே விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு எச்சரிக்கை மணி ஒலித்ததற்கும், புல்லின் வழியாக மாட்டுக்கும் பாலின் வழியாகக் குழந்தைகளின் தைராய்டுக்கும் அயோடின்-131 போய்ச் சேர்ந்ததற்கும் காரணம், ஆவியாகும் அந்த இயல்புதான். 'புளூட்டோனியம் கசிவு' என்ற தலைப்பு அச்சமூட்டும். ஆனால் அங்கே தொலைவில் இருந்த குழந்தைகளைப் பாதித்தது, அரை ஆயுட்காலம் எட்டே நாள் கொண்ட அயோடின்.

ஜப்பானில் விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணுமின் நிலையத்திலிருந்து 2023 ஆகஸ்டில் கடலுக்குள் தொடங்கிய நீர் வெளியேற்றம் குறித்துத் தங்கள் நாளிதழ் உள்பட எல்லா இதழ்களும் எழுதின. மற்ற தனிமங்களையெல்லாம் வடிகட்டி எடுத்தவர்கள் டிரிட்டியத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள் என்று வாசகர்கள் கேட்டதுண்டு. அதற்கு யாரும் விடை எழுதியதாக நினைவில்லை. டிரிட்டியம் என்பது ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்பு. தனித்திருந்தால் வாயு, அங்கே அது ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகவே இருக்கிறது. சீசியமும் ஸ்ட்ரான்சியமும் நீரில் கரைந்திருப்பவை, ஆகவே பிரித்துவிடலாம். நீர் மூலக்கூறாகவே மாறிவிட்ட ஒன்றை நீரிலிருந்து வடிகட்ட முடியாது. அதை வெளியேற்றியது சரியா, தவறா என்பது வேறு விவாதம். ஆனால் இந்த ஒரு செய்தி தெரியாமல் அந்த விவாதத்தில் இறங்க முடியாது.

கல்பாக்கம், கூடங்குளம் குறித்த செய்திகளிலும் இதே தெளிவு வேண்டும். கூடங்குளத்தின் எரிபொருள், யுரேனியம் ஆக்சைடை அழுத்திச் சுட்ட பீங்கான் வில்லைகள். பயன்படுத்தி முடித்து வெளியே எடுத்தாலும் அவை குழாய்களுக்குள் திண்மமாகவே இருக்கும். பச்சை நிறத்தில் ஒளிரும் குழம்பாகக் கேலிச்சித்திரங்களில் வரையப்படும் 'அணுக்கழிவு' எங்கும் கிடையாது. ஆனால் மறுசுழற்சிக்காக அந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைக்கும்போது உண்டாகும் கழிவு உண்மையிலேயே திரவம். அதைத் திரவமாகவே தொட்டிகளில் வைத்திருப்பதில்தான் ஆபத்து மிகுதி: 1957இல் சோவியத் ஒன்றியத்தின் மாயக் வளாகத்தில் குளிர்விப்பு நின்றுபோன தொட்டி ஒன்று, நீர் வற்றி உப்புகள் காய்ந்து வெடித்தது. அந்தத் திரவத்தைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கித் திண்மமாக்கும் முறை இன்று நம் நாட்டிலும் உண்டு, கல்பாக்கத்திலும் நடக்கிறது. எவ்வளவு கழிவு என்று கேட்கும் செய்தியாளர், அதில் எவ்வளவு இன்னும் திரவமாக இருக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். எதிர்ப்பவருக்கும் ஆதரிப்பவருக்கும் அந்த விடை பயன்படும்.

அட்டவணை குறித்து ஒரு வேண்டுகோள். அதை மறுபடி வெளியிடும்போது, அளந்து அறிந்தவற்றையும் கணித்துச் சொன்னவற்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். ஃபிரான்சியம், அஸ்டாட்டின், நூறுக்கு மேற்பட்ட அணு எண் கொண்டவை ஆகியவற்றுக்கு எதிரே 'கணிப்பு' என்று ஒரு சொல் போட்டால் போதும். எது கதிரியக்கத் தனிமம் என்பதையும் ஒரு வரியில் விளக்கிவிடலாம். நிலையான ஐசோடோப்பே இல்லாத தனிமங்கள் என்று கொண்டால்தான் ரேடான் மட்டுமே வாயு. கதிரியக்க ஐசோடோப்பு உடைய எல்லாம் என்று கொண்டால் டிரிட்டியம், கிரிப்டான்-85, ஆர்கான்-41, செனான்-133 எனப் பல வாயுக்கள் சேரும். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் பொட்டாசியம்-40 விநாடிக்கு நாலாயிரம் முறைக்கு மேல் சிதைந்துகொண்டிருக்கிறது. அது உலோகமாக இல்லை, உயிரணுக்களின் நீரில் கரைந்திருக்கிறது. பிஸ்மத்கூட மிகமிக மெதுவாகச் சிதைகிறது என்று 2003இல் பிரான்சில் கண்டறிந்த பிறகு, பட்டியல் எங்கே தொடங்குகிறது என்பதே விவாதத்துக்கு உரியதாகிவிட்டது. ஆனால் வண்டிகளின் பின்னால் ஒட்டப்படும் 'ரேடியம் ஸ்டிக்கரில்' ரேடியம் சிறிதும் இல்லை என்பதை மட்டும் பிள்ளைகளுக்கு உறுதியாகச் சொல்லிவிடலாம்.

செய்திப் பிரிவுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டுமானத் தளத்திலிருந்தோ ஆலையிலிருந்தோ கதிரியக்கக் கருவி காணாமற்போனதாகச் செய்தி வரும்போது, தனிமத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், அது மூடிய உறைக்குள் இருக்கிறதா, உள்ளே இருப்பது உலோகமா, பீங்கானா, உப்பா, தூளா என்பதை அதிகாரிகளிடம் கேட்டு எழுதுங்கள். குழாய்களின் பற்றவைப்பைச் சோதிக்கப் பயன்படும் இரிடியம்-192, எஃகு உறைக்குள் அடைத்த உலோக வில்லைகளாக இருக்கும். அதைத் தொடாமல் விலகி நின்றால், அது கிடக்கும் இடத்தை விட்டு நகராது. அறுத்தாலோ உருக்கினாலோ இந்த உறுதி போய்விடும். எனவே அத்தகைய செய்தியோடு, மூன்று இதழ் கொண்ட கதிரியக்கக் குறியையும், 2007இல் அறிமுகமான சிவப்பு முக்கோண எச்சரிக்கைப் படத்தையும் தவறாமல் அச்சிட்டு, இக்குறிகள் கொண்ட பொருள் கண்ணில் பட்டால் தூக்கிப் பார்க்கவோ உடைக்கவோ வேண்டாம், விலகிச் சென்று காவல் நிலையத்துக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் தெரிவியுங்கள் என்ற அறிவிப்பையும் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். குறிப்பாக, அந்த அறிவிப்பு பழைய இரும்புக் கடைகளில் வேலை செய்பவர்களின் கைக்குப் போய்ச் சேரும்படி, உள்ளூர்ப் பதிப்புகளில் அது வர வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
நாகர்கோவில்